ஏழை ரெண்டால வகுத்தா மிச்சம் யாருக்கு?

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். சிவகிரியில இருந்து என் சித்தி மக. எந்த சிவகிரின்னு கேட்காதீங்க, ஈரோடு பக்கத்துல இருக்கிறது இல்லை. தென்காசி மாவட்டத்துல, ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிற சிவகிரி. ரொம்ப காலம் சங்கரன்கோவில் வட்டத்துல இருந்த ஊர்.

அவ பிளஸ் டூ. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். எடுத்த எடுப்புல கேட்டா: "அண்ணே, ஏழை ரெண்டால வகுத்தா எவ்வளவு?"

நான் மூணரைன்னேன்.

"போன வருஷம் மூணுன்னு எழுதுனாத்தான் மார்க்கு. இந்த வருஷம் மூணரைன்னு எழுதுனாத்தான் மார்க்கு. ஒரே ஸ்கூலு, ஒரே லேபு. எது சரி?"

சிரிச்சுட்டேன். ஆனா அவ சொன்னது முழுக்க உண்மை. தமிழ்நாட்டு பாடத்திட்டத்துல 2018-ல மாத்தின புது பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகம் சி பிளஸ் பிளஸ் சொல்லித் தருது. அதுக்கு அடுத்த வருஷம் வந்த புது பிளஸ் டூ புத்தகம் பைத்தான் சொல்லித் தருது. சி பிளஸ் பிளஸ்ல 7/2 போட்டா 3. பைத்தான்ல அதே 7/2 போட்டா 3.5. ஒரு கோடைவிடுமுறை இடைவெளியில அரை காணாம போயி, திரும்பக் கிடைச்சிருக்கு.

அவளுக்கு இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. பிளஸ் ஒன்ல இருந்தப்ப, பக்கத்து வீட்டு அக்காவுக்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப் பார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கா. ஃபார்முலா உங்களுக்கே தெரியும்: கணக்கு மார்க் முழுசா, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி, மொத்தம் 200-க்கு. அக்காவோட மார்க் கணக்குல 98, இயற்பியல்ல 95, வேதியியல்ல 97. கையால போட்டா 98 கூட்டல் 47.5 கூட்டல் 48.5, ஆக 194. அவளோட சி பிளஸ் பிளஸ் புரோகிராம் காட்டினது 193. கவுன்சிலிங்ல ஒரு மார்க்னா என்னன்னு தெரியும்ல? அந்த வீட்டுல அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலையாம்.

எரர் எதுவும் வரலை. புரோகிராம் ஒழுங்கா ஓடுச்சு. 95/2-ஐ 47-ன்னு வெட்டிருச்சு, 97/2-ஐ 48-ன்னு வெட்டிருச்சு. ரெண்டு அரை சேர்ந்து ஒரு முழு மார்க் போயிருச்சு. இதையே (95+97)/2-ன்னு முதல்ல கூட்டிட்டு அப்புறம் வகுத்திருந்தா 96, மொத்தம் சரியா 194. ஃபார்முலா ஒண்ணுதான், எந்த இடத்துல வகுக்குறோம்ங்கிறதுதான் வேற. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, இன்னைக்கு எபிசோடுல இது திரும்பத் திரும்ப வரும்.

வகுத்தல் மட்டும் ஏன் வம்பு

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூணும் சாது. முழு எண்ணையும் முழு எண்ணையும் கொடுத்தா முழு எண்ணைத்தான் திருப்பித் தரும். கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா இன்ட் போட்டா இன்ட் வரும். வகுத்தல் அப்படி இல்லை. ஆறை ரெண்டால வகுத்தா வீட்டுக்குள்ளயே இருக்கும், ஏழை ரெண்டால வகுத்தா வாசப்படி தாண்டிரும். தாண்டின எண்ணை என்ன பண்றதுன்னு மொழியை உருவாக்குறவங்க முடிவு பண்ணியே ஆகணும்.

சி பிளஸ் பிளஸ்ல குறிக்கு சொந்த புத்தி கிடையாது. ரெண்டு பக்கமும் யார் நிக்கிறாங்கன்னு பார்க்கும். ரெண்டும் இன்ட்னா விடையும் இன்ட், மிச்சத்தைக் கீழே போட்டுரும். ஒரு பக்கம் 2-க்கு பதிலா 2.0-ன்னு எழுதுனா உடனே மனசு மாறி 3.5 கொடுக்கும். பைத்தான்ல நேர் தலைகீழ். சாய்கோடு ஒண்ணு போட்டா, ரெண்டு பக்கமும் யார் இருந்தாலும் விடை தசம எண்தான், அதாவது ஃப்ளோட். 6/2 கூட 3 இல்லை, 3.0. முழு எண்தான் வேணும்னா ரெண்டு சாய்கோடு போடணும்: 7//2 போட்டா 3. ஆக, அங்க எண்ணோட வகை குறியை ஆட்டி வைக்குது. இங்க குறி எண்ணோட வகையை ஆட்டி வைக்குது.

இந்த ரெண்டு புத்தியும் எங்க இருந்து வந்துச்சுங்கிற கதைக்கு அமெரிக்கா, ஆம்ஸ்டர்டாம்னு போகணும். ஆனா போற வழியில சிவகிரியில ஒரு ஸ்டாப் இருக்கு. ஏன்னா போன்ல பேசிக்கிட்டிருக்கும்போதே பின்னாடி இருந்து எங்க தாத்தா குரல். "ஏட்டி, மூணரைன்னு சொல்றதுக்கு எதுக்கு மெஷினு? அரை எங்க போகும்?"

களத்துமேட்டுல ஒரு வகுத்தல்

தாத்தாவுக்கு 83 வயசு. அவருக்கு அவங்க ஐயா சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு இன்னும் பாதி ஞாபகம் இருக்கு. முந்திரி, அரைக்காணி, காணி, அரைமா, முக்காணி, மா, வீசம்னு ஓடுது. இதெல்லாம் என்னன்னு நம்ம தலைமுறைக்குச் சொல்லணும்ல? முந்திரின்னா ஒண்ணுல 320-ல ஒரு பங்கு. சாப்பிடுற முந்திரி இல்லை. காணி 80-ல ஒண்ணு. மா 20-ல ஒண்ணு. வீசம், அதாவது மாகாணி, 16-ல ஒண்ணு. அப்புறம் அரைக்கால், கால், அரை, முக்கால். "முக்காலே மூணு வீசம் பேரு வந்துட்டாங்க"ன்னு ஊர்ல சொல்றாங்களே, அது வெறும் பேச்சு வழக்கு இல்லை, துல்லியமான எண். முக்காலும் மூணு வீசமும் சேர்ந்தா 16-ல 15 பங்கு.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மனப்பாடம் பண்ணினது முக்கியமா மூணு: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. எண்சுவடின்னா வாய்ப்பாடு. மத்த ரெண்டும்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், ஏன்னா அது ரெண்டும் அசல் டேட்டா டைப். பொன்னிலக்கம் முந்திரியில ஆரம்பிச்சு மேல போற எண் வரிசை, பின்னமும் முழுசுமா. நெல்லிலக்கம் முகத்தல் அளவு: செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம். அஞ்சு செவிடு ஒரு ஆழாக்கு. அதுக்கு மேல ரெண்டு ரெண்டா ஏறி உழக்கு, உரி, நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. ரெண்டு குறுணி பதக்கு, ரெண்டு பதக்கு தூணி, மூணு தூணி கலம். (புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல வேலை செஞ்ச செந்தில் பாபு இந்தத் திண்ணைக் கணக்கு உலகத்தைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார், 2022-ல ஆங்கிலத்துல வந்துச்சு. ஆர்வம் இருக்கிறவங்க தேடிப் படிங்க.)

இப்ப ஒரு களத்துமேட்டைக் கற்பனை பண்ணிக்குவோம். 50 கலம் நெல்லு, ஏழு குடும்பம், சம பங்கு. சி பிளஸ் பிளஸ்கிட்ட கேட்டா 50/7, விடை 7. தலைக்கு ஏழு கலம், முடிஞ்சது. ஆனா ஏழேழு நாப்பத்தொம்பது. ஒரு கலம் நெல்லு களத்துல அப்படியே கிடக்கு. ஒரு கலம்னா 96 நாழி.

திண்ணையில படிச்சவன் அங்க நிறுத்த மாட்டான். மிச்ச ஒரு கலத்தை 12 குறுணியா மாத்துவான். தலைக்கு ஒரு குறுணி, மிச்சம் 5 குறுணி. அதை 40 நாழியாக்கி தலைக்கு 5 நாழி, மிச்சம் 5 நாழி. அதை 10 உரியாக்கி தலைக்கு ஒரு உரி, மிச்சம் 3. மூணு உரி 6 உழக்கு, ஏழு பேருக்கு உழக்கா வராது. அதனால 12 ஆழாக்காக்கி தலைக்கு ஒரு ஆழாக்கு, மிச்சம் 5. அதை 25 செவிடாக்கி தலைக்கு மூணு செவிடு. கடைசியா மிச்சம் நாலு செவிடு, ஒரு ஆழாக்குக்கும் குறைவு.

ஆக ஆளுக்கு 7 கலம், 1 குறுணி, 5 நாழி, 1 உரி, 1 ஆழாக்கு, 3 செவிடு. புரோகிராமரா பார்த்தா இது என்ன தெரியுமா? பைத்தானோட ரெண்டு சாய்கோடும், மிச்சத்தைத் தர்ற சதவீதக் குறியும் மாறி மாறி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் வகுத்தல் ஒரு முழு எண்ணைத்தான் கொடுக்குது. ஆனா மிச்சத்தைத் தூக்கிப் போடாம, அடுத்த சின்ன அளவுக்கு அனுப்புது. எண்ணோட வகை மாறலை, அளவோட பெயர் மாறுது.

இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, சிவகிரி ஜமீன் ஊர். 1948-ல சென்னை மாகாணம் கொண்டு வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரைக்கும் ஜமீன் நிலத்துல மேல்வாரம், குடிவாரம்ங்கிறதுதான் உறவுமுறை. விளைச்சல்ல நிலத்துக்கு உடையவருக்கு இவ்வளவு, உழுதவனுக்கு இவ்வளவு. அளந்து பிரிக்கிற இடம் களம். கணக்கு எழுதுறவர் கணக்கப்பிள்ளை. வகுத்தல்ல மிச்சம் விழுந்தா அது காத்துல போகாது, யாரோ ஒருத்தர் பக்கம்தான் போகும். அது எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க குறுணிக்கு எத்தனை நாழி, நாழிக்கு எத்தனை உழக்குன்னு உழுதவன் வீட்டுப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கணும். திண்ணைப் பள்ளிக்கூடம் எல்லாச் சாதிக்கும் கதவைத் திறந்து வச்சிருந்துச்சான்னு கேட்டா, இல்லை. அதனால மிச்சம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்னு நீங்களே யூகிச்சுக்கலாம்.

இதோட இன்னொரு எல்லையையும் பார்த்துருவோம். முந்திரிக்குக் கீழயும் தமிழ்க் கணக்கு போகும். முந்திரியை மறுபடி 320-ஆ வெட்டினா கீழ்முந்திரி, ஒண்ணுல 1,02,400-ல ஒரு பங்கு. அதுக்கும் கீழ இம்மி, "இம்மியளவும் நம்பலை"ன்னு சொல்றோமே, அதே இம்மிதான். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கோவில் கல்வெட்டுல நிலக் கணக்கு ஒரு வேலியில 52,42,88,00,000-ல ஒரு பங்கு வரைக்கும் இறங்கியிருக்குன்னு வரலாற்று நூல்கள்ல அடிக்கடி எடுத்துச் சொல்வாங்க. 320-ஐ நாலு தடவை ஒண்ணோடொண்ணு பெருக்கி, கூட ஒரு அஞ்சையும் பெருக்கிப் பாருங்க, சரியா அந்த எண் வரும். ஒரு வேலியை ஆறரை ஏக்கருக்குச் சற்று மேலன்னு வச்சுக்கிட்டா அந்தப் பங்கு எவ்வளவு இருக்கும்? சுமார் அரை சதுர மில்லிமீட்டர். ஒரு எறும்பு நிக்கிற இடம்.

யாரும் கோல் வச்சு அதை அளந்திருக்க முடியாது. அது நிலத்துல இருந்து வந்த எண் இல்லை, வகுத்தல்ல இருந்து வந்த எண். கணக்கன் மிச்சத்தை வெட்ட மனசில்லாம கீழ்கீழ்னு இறங்கிக்கிட்டே போயிருக்கான். நீங்க பைத்தான்ல 10/3 போட்டா 3.3333333333333335-னு வருமே, அதைப் பார்த்துட்டு ரிசல்ட் ஷீட்ல அப்படியே ஒட்டுற புரோகிராமர் இருக்காங்களே, அவங்களோட முப்பாட்டன் அவர்.

1957 ஏப்ரல்

இப்ப நம்ம தாத்தா கதைக்கு வருவோம். 1957 ஏப்ரல் 1. இந்தியாவுல நயா பைசா வந்த நாள். அதுக்கு முன்னாடி ஒரு ரூபாய்க்கு 16 அணா. அதாவது ஒரு அணாங்கிறது ரூபாய்ல ஒரு வீசம், பழைய பின்னமே காசா உலவிக்கிட்டிருந்துச்சு. புதுக் கணக்குல ரூபாய்க்கு 100 நயா பைசா. அப்ப ஒரு அணாவுக்கு எவ்வளவு? 100-ஐ 16-ஆல வகுக்கணும். ஆறேகால்.

கால் பைசா நாணயம் கிடையாது. எண்ணோட வகை இன்ட், விடையோட வகை ஃப்ளோட். சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, கிட்டத்துல இருக்கிற முழு நயா பைசாவுக்கு மாத்து, சரி பாதியா இருந்தா கீழ இறக்கிரு. அதனால ஒரு அணாவுக்கு 6, ரெண்டு அணாவுக்கு பன்னிரண்டரைக்கு பதிலா 12, மூணு அணாவுக்கு பதினெட்டே முக்காலுக்கு பதிலா 19, நாலு அணாவுக்கு சரியா 25. கொஞ்ச காலத்துக்கு ரெண்டு காசும் சேர்ந்தே புழங்குச்சு.

தாத்தா அப்ப பெட்டிக்கடையில கூடமாட நின்ன பையன். ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில்ல கடை போட்டிருக்காங்க. "எய்யா, ஒரு அணா முறுக்குக்கு ஆறா ஏழான்னு நாள் முழுக்கச் சண்டை. ஆறுன்னா எங்க ஐயாவுக்கு நட்டம், ஏழுன்னா வாங்குறவன் சும்மா விடமாட்டான்"ங்கிறார். கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு ரூபாய் சரக்கைப் பதினாறு பேருக்குத் தனித்தனியா ஒவ்வொரு அணாவுக்கு வித்து, ஆறு ஆறு நயா பைசாவா வாங்கினா கைக்கு வர்றது 96. நாலு பைசா காணோம். ஏழு ஏழா வாங்கினா 112, பன்னிரண்டு பைசா வாங்கினவங்க மடியில இருந்து போயிருச்சு. அந்தச் சரக்கை ஒரே ஆள் மொத்தமா வாங்கினா யாருக்கும் நட்டமில்லை, சரியா 100. முதல்ல வகுத்துட்டு அப்புறம் கூட்டினா ஒரு விடை, கூட்டிட்டு வகுத்தா வேற விடை. பக்கத்து வீட்டு அக்காவோட கட்-ஆஃப்ல நடந்ததும் இதுதான். அதுல அடிபடுறது எப்பவும் சில்லறையா வாங்குறவனும் சில்லறையா விக்கிறவனும்தான். மொத்த வியாபாரிக்கு இந்தக் கணக்கு தலைவலியே இல்லை.

எனக்கு ரொம்ப நாளா புல்லரிக்க வைக்கிற விஷயம் ஒண்ணு. அதே 1957 ஏப்ரல்லதான் அமெரிக்காவுல ஐபிஎம் தன் 704 கம்ப்யூட்டருக்கான ஃபோர்ட்ரான் மொழியை வாடிக்கையாளருக்கு அனுப்ப ஆரம்பிச்சுது. ஜான் பேக்கஸ் தலைமையில ஒரு சின்னக் குழு செஞ்சது. அதுலயும் இதே கேள்வி: முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா என்ன? அவங்க பதில் ரொம்பச் சுருக்கம். வெட்டிரு.

ஏன் வெட்டினாங்க? கஞ்சத்தனம் இல்லை. ஃபோர்ட்ரான்ல முழு எண் முக்கியமா எண்ணுறதுக்கு: எத்தனாவது வரிசை, எத்தனாவது சுற்று. மூணரையாவது வரிசைன்னு ஒண்ணு கிடையாதே. விஞ்ஞானக் கணக்குக்குத் தசம எண் தனியா இருந்துச்சு, 704-ல அதுக்கு ஹார்டுவேரே இருந்துச்சு. ரெண்டையும் ஒரே கோவையில பொதுவா கலக்கவே விடலை. ஒரு எண் எந்த வகைன்னு தெரிய மாறியோட முதல் எழுத்தைப் பார்த்தா போதும்: ஆங்கிலத்துல ஐ முதல் என் வரைக்கும் உள்ள எழுத்துல ஆரம்பிச்சா முழு எண், மத்ததெல்லாம் தசம எண். இன்னைக்கும் நீங்க லூப் எழுதும்போது கை தானா "ஐ"-ன்னு டைப் பண்ணுதே, அந்தப் பழக்கத்துக்கு ஃபோர்ட்ரானும் ஒரு பெரிய காரணம்.

பொறியாளருக்கு அது போதுமானதா இருந்துச்சு. 1963-ல ஐஐடி கான்பூருக்கு ஐபிஎம் 1620 வந்தப்ப இந்திய மாணவர்கள் கத்துக்கிட்டதும் ஃபோர்ட்ரான்தான். அங்க பாடம் எடுத்த வி.ராஜாராமன் எழுதின புத்தகங்களை வச்சுத்தான் நம்ம ஊர்ல ஒரு தலைமுறையே புரோகிராமிங் படிச்சுது. அவர் பிறந்தது ஈரோடு. (முதல்ல சொன்ன இன்னொரு சிவகிரி பக்கம்தான். சும்மா சொன்னேன்.) அப்புறம் 1970-கள்ல சி மொழி வந்துச்சு, அதுவும் வெட்டுச்சு. சி பிளஸ் பிளஸ் அதை அப்படியே வாங்கிக்கிச்சு. அந்தப் பரம்பரைச் சொத்துதான் நம்ம சித்தி மக கையில வந்து சேர்ந்த 193.

வெட்டுற பழக்கம் பெரிய இடத்துலயும் பழிவாங்கியிருக்கு. 1982 ஜனவரியில கனடாவுல வான்கூவர் பங்குச்சந்தை ஒரு புதுக் குறியீட்டு எண்ணை 1000-ல ஆரம்பிச்சுது. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அதைத் திருப்பிக் கணக்குப் போடுவாங்க, மூணு தசம இடத்துக்கு மேல இருக்கிறதை வெட்டிருவாங்க. இது இன்ட் வகுத்தல் இல்லை, ஆனா அதே குணம். ஒரு தடவைக்கு ஒண்ணுமே இல்லாத துளி. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்துல, 1983 நவம்பர்ல, குறியீடு 525-க்குப் பக்கத்துல நின்னுச்சு. சரியாக் கணக்குப் போட்டா 1098-க்கு மேல இருந்திருக்கணும். சந்தை நல்லாத்தான் இருந்திருக்கு, இறங்கினது எண் மட்டும்தான்.

ஆம்ஸ்டர்டாம்ல ஒரு மனசு மாற்றம்

இப்ப பைத்தான். 1980-கள்ல ஆம்ஸ்டர்டாம்ல சிடபிள்யூஐ-ன்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துல ஏபிசின்னு ஒரு மொழி செஞ்சாங்க. தொடக்கநிலை ஆட்களுக்கானது. அதுல வேலை பார்த்த இளைஞர்கள்ல ஒருத்தர் கைடோ வான் ராசம். ஏபிசியில வகுத்தல் தஞ்சைக் கணக்கன் மாதிரி. வெட்டவே வெட்டாது, துல்லியமான பின்னமா வச்சுக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்கு நீள நீள, பின்னத்தோட மேலயும் கீழயும் எண்கள் பெருத்துக்கிட்டே போகும், மெஷின் மூச்சு வாங்கும். 52,42,88,00,000-ஐ ஒரு தடவை கல்லுல வெட்டலாம். அதோட அடுத்த வரியில இன்னொரு பெருக்கல் போடணும்னா கல்லு பத்தாது.

அதைப் பார்த்துச் சூடுபட்ட கைடோ, 1991-ல பைத்தானை வெளியிட்டப்ப சி வழிக்குப் போயிட்டார். ஏழை ரெண்டால வகுத்தா மூணு. பத்து வருஷம் கழிச்சு அது தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டார். ஏன்னா பைத்தான்ல மாறிக்கு முன்கூட்டி வகை சொல்ல வேண்டியதில்லை. சராசரி கண்டுபிடிக்க ஒரு ஃபங்ஷன் எழுதுறீங்க. 86.5 மாதிரி மார்க் வந்தா சரியா வேலை செய்யும். அதே ஃபங்ஷனுக்கு எல்லாம் முழு மார்க்கா வந்தா சத்தமில்லாமத் தப்பா விடை சொல்லும். எழுதினவருக்கு வித்தியாசமே தெரியாது. சி பிளஸ் பிளஸ்ல வகையை நீங்களே எழுதியிருக்கீங்க, அதனால ஓரளவுக்கு உங்க பொறுப்புன்னு சொல்லலாம். பைத்தான்ல அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது.

2001-ல மோஷே ஸட்காவும் கைடோவும் சேர்ந்து எழுதின முன்மொழிவு, பைத்தான் உலகத்துல 238-ஆம் எண் பெப்னு பேரு, இதைத்தான் பேசுது. வகுத்தலை ரெண்டாப் பிரி. ஒரு சாய்கோடு போட்டா உண்மையான வகுத்தல், ரெண்டு சாய்கோடு போட்டா கீழ் முழு எண். முடிவு எண்ணுக்குள்ள ஒளிஞ்சு இருக்க வேண்டாம், குறியிலயே கண்ணுக்குத் தெரியட்டும். அந்த வருஷம் டிசம்பர்ல வந்த 2.2 பதிப்புல ரெண்டு சாய்கோடு வந்துருச்சு. ஆனா ஒத்தைச் சாய்கோட்டோட அர்த்தத்தை மாத்தினா ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம் எல்லாம் வேற விடை சொல்லும். அதனால அதை 2008 டிசம்பர்ல வந்த 3.0 வரைக்கும் தள்ளிப் போட்டாங்க. பழைய பைத்தான் 2-க்கு ஆதரவு நின்னது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. ஒரு சாய்கோட்டோட அர்த்தம் முழுசா மாற ஏறத்தாழ 19 வருஷம். நயா பைசாவுக்குத் தாத்தா கடையில அவ்வளவு அவகாசம் யாரும் கொடுக்கலை.

"சரிண்ணே, அப்ப 194.0-ல அந்தப் பாயின்ட் ஜீரோ எதுக்கு? மிச்சமே இல்லையே?"ன்னு கேட்டா சித்தி மக. நல்ல கேள்வி. குறி வாக்குக் கொடுத்துருச்சு, ஒத்தைச் சாய்கோடுன்னா ஃப்ளோட்தான்னு. 95-ஐ வகுத்தா ஒரு வகை, 96-ஐ வகுத்தா இன்னொரு வகைன்னு ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்திப் பேசாது. அந்தப் புள்ளி பூஜ்யம் எண்ணோட அளவு இல்லை, அது வந்த வழி.

ஆனா ஃப்ளோட் யோக்கியன்னும் நினைச்சிராதீங்க. அது எல்லாத்தையும் ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு வெட்டித்தான் சேமிக்கும். அதனால 0.1-ஐ அதால முழுசாப் பிடிக்க முடியாது. பைத்தான்ல 0.1-ஐ லூப் போட்டுப் பத்து தடவை கூட்டிப் பாருங்க, 1 வராது, 0.9999999999999999 வரும். ஆனா கால், அரைக்கால், வீசம் இதெல்லாம் ரெண்டோட வம்சம். 0.0625-ஐ, அதாவது ஒரு வீசத்தை, பதினாறு தடவை கூட்டினா கச்சிதமா 1.0. பத்துப் பத்தா எண்ணுற நயா பைசாவை விட தாத்தாவோட அணாவைத்தான் இன்னைக்கு கம்ப்யூட்டர் ஒழுங்கா எண்ணுது. மா, காணி, முந்திரியில அஞ்சு கலந்திருக்கு, அதனால அவங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. துல்லியமாத்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு பைத்தான்லயே ஃப்ராக்‌ஷன்னு ஒரு வகை தனியா இருக்கு. ஏபிசியோட பழைய கனவு, பின்வாசல் வழியா.

இதையும் தாத்தாகிட்ட சோதிச்சுப் பார்த்தோம். சித்தி மக ஃப்ராக்‌ஷன்ல மாவை மாவால பெருக்கினா, 400-ல ஒண்ணுன்னு வந்துச்சு. "உங்க கணக்குல என்ன தாத்தா?"ன்னு நான் கேட்டேன். அவருக்கு அவ்வளவு தூரம் ஞாபகம் இல்லை. நான்தான் பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தேன்: கீழ் முக்காலே ஒரு மா. 320-ல ஒண்ணுக்குள்ள அஞ்சுல நாலு பங்கு. சரியா அதே 400-ல ஒண்ணு. பெருக்கலைச் சாதுன்னு முதல்ல சொன்னேன்ல, அது முழு எண்கிட்ட மட்டும்தான். பின்னத்தைப் பின்னத்தால பெருக்கினா அதுவும் ஒரு மாடி கீழ இறங்கிரும்.

பக்கத்து வீட்டு அக்காவோட புரோகிராமைத் திருத்தியாச்சு. 2-ன்னு இருந்த ரெண்டு இடத்துலயும் 2.0. அவங்க வீட்டுல இருந்து ஒரு டப்பா அதிரசம் வந்துச்சாம், அதை மூணு பேருக்குப் பங்கு போட்டதுல ஒண்ணு மிச்சம் வந்துச்சாம். கடைசியா போனை வைக்கிறதுக்கு முன்னாடி, அந்த 50 கலம், ஏழு குடும்பம் கணக்கைத் தாத்தாவுக்கு முழுசாச் சொன்னேன். குறுணி, நாழி, உரின்னு ஒவ்வொண்ணா இறங்கி, கடைசியில நாலு செவிடு மிஞ்சுதே, அந்தக் காலத்துல அதை என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன்.

"நாலு செவிடா? அத கோழிக்குப் போட்டிருப்பாங்கய்யா."